மெட்ராஸில் பிறந்த இருவரும் எங்கள் முதல் பத்தும்

பீட்டில்ஸ் குழுவை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர் ஒரு மெட்ராஸ்காரர் என்று சொன்னால் நம்புவீர்களா? பிறப்பால் மெட்ராஸ்காரர் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விஷயம் உண்மை.

1967 பிப்ரவரியில் பீட்டில்ஸின் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1963 ஏப்ரலிலிருந்து பிரிட்டனில் அவர்கள் போட்ட ஒவ்வொரு புதுத் தட்டும் முதலிடத்துக்குப் போயிருந்தது. இது மட்டும் போகவில்லை. வழியில் ஒருவர் நின்றார். பெயர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். பாட்டு 'ரிலீஸ் மீ'. ஆறு வாரம் அது முதலிடத்தை விட்டு அசையவில்லை. பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

ஹம்பர்டிங்கின் சொந்தப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. 1936 மே 2 அன்று மெட்ராஸில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். பத்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்திலுள்ள லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. வாயில் நுழையாத அந்த மேடைப் பெயர் அவருடைய மேனேஜர் சூட்டியது. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்.

'ரிலீஸ் மீ' ராக் பாட்டே இல்லை, மெல்லிய சோகப் பாட்டு என்று ராக் ரசிகர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சமயம் லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'மெலடி மேக்கர்' என்ற இசைப் பத்திரிகையின் பட்டியலைப் பார்த்தால், அங்கே முதலிடத்தில் இருப்பது பீட்டில்ஸ்! அதுவும் மூன்று வாரம். ஒரே ஊர், ஒரே பாட்டு. ஒரு பட்டியலில் முதல், இன்னொன்றில் இரண்டு.

நான் 39 வருடம் தபால் ஆபீசில் எண்ணிக்கொண்டே இருந்தவன். தபால்தலை, மணியார்டர், ரெஜிஸ்டர் தபால், சேமிப்பு வங்கி ரொக்கம் என்று எல்லாவற்றையும் மாலையில் எண்ணிக் கணக்கை முடித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஆகவே இரண்டு பேர் எண்ணி இரண்டு விடை வந்தால், எது சரி என்று எனக்குக் கேட்கத் தோன்றாது. யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்றுதான் கேட்பேன்.

இருபது கடைகளுக்கு ஒரு டெலிபோன்

பிரிட்டனில் இசைத்தட்டு விற்பனையை வைத்துப் பட்டியல் போடுவது 1952 நவம்பர் 14 அன்று தொடங்கியது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 கடைகளுக்கு டெலிபோன் செய்து, இந்த வாரம் எது அதிகம் விற்றது என்று கேட்டார். அதைக் கூட்டி முதல் 12 இடங்களை அச்சிட்டார். அவ்வளவுதான். உலகம் முழுவதும் ரசிகர்கள் வாதாடுகிற சமாசாரத்தின் ஆரம்பம் இவ்வளவு எளிமையானது.

அது பத்திரிகை விற்க நல்ல வழி என்று தெரிந்ததும் மற்றப் பத்திரிகைகளும் ஆளுக்கொரு பட்டியல் போட ஆரம்பித்தன. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய கடைகளைக் கேட்டார்கள். விடை எப்படி ஒன்றாக இருக்கும்? 1963 பிப்ரவரியில் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' கணக்கில் முதலிடம், 'மெலடி மேக்கர்' கணக்கிலும் முதலிடம். 'ரெக்கார்ட் ரீடெயிலர்' என்ற வியாபாரப் பத்திரிகையின் கணக்கில் மட்டும் இரண்டாமிடம். பின்னால் சரித்திரம் எழுதியவர்கள் அறுபதுகளுக்கு அந்த வியாபாரப் பத்திரிகையின் பட்டியலையே அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டில், முதலிடம் பெற்ற 27 பாட்டுகளைத் தொகுத்து '1' என்று பீட்டில்ஸ் தட்டு வெளியானபோது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'க்கு அதில் இடமில்லை. அன்று கைதட்டியவர்களுக்கு அது முதலிடப் பாட்டு. ரிக்கார்டில் அப்படி இல்லை. ரிக்கார்டில் இல்லாதது நடக்காதது என்பது நம் ஆபீஸ்களுக்கு மட்டும் உரிய சட்டம் அல்ல போலும்.

1969 பிப்ரவரியில்தான் பி.பி.சி.யும் 'ரெக்கார்ட் ரீடெயிலரும்' சேர்ந்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் எண்ணும் வேலையை ஒப்படைத்தன. அதன் பிறகு குழப்பம் குறைந்தது. ஆனாலும் தனித்தட்டு விற்றால்தான் அந்தக் கணக்கில் வரும். 1971-இல் லெட் ஸெப்பலின் குழு பாடிய 'ஸ்டேர்வே டு ஹெவன்' பிரிட்டனில் அப்போது தனித்தட்டாக வரவே இல்லை. நெடுந்தட்டில் ஒரு பாட்டாகத்தான் வந்தது. அதனால் எழுபதுகளின் விற்பனைப் பட்டியல்களில் அது எந்த இடத்திலும் கிடையாது. எனக்குத் தெரிந்த ராக் ரசிகர்கள் கையால் எழுதிய பட்டியல்களில் அது முதல் மூன்றுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

கொழும்பு எண்ணிய கடிதங்கள்

லண்டனில் எண்ணுவதற்குக் கடைகள் இருந்தன. நம் பக்கம் என்ன இருந்தது? கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி அச்சடித்து அனுப்பிய தட்டுகள் மவுண்ட் ரோடு கடைகளுக்கு வரும். மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன்தான் என்பதால், மற்ற நாடுகள் கைவிட்ட பின்னும் இங்கே பழைய 78 சுற்றுத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளே இந்தியாவில் 78 சுற்றுத் தட்டில் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஆனால் இங்கே கடையில் எது வந்ததோ அதைத்தான் வாங்க முடியும். விற்பனையை எண்ணி ரசனையைக் கண்டுபிடிக்க முடியாது.

நமக்கு எண்ணியது கொழும்பு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்காக இலங்கையில் ஒரு வானொலி வைத்தார்கள். ஏகலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி தென்னாசியா முழுவதும் எட்டியது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952-இல் இங்கே மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவை மூட, ரேடியோ பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள்.

அங்கே ஆங்கிலப் பாட்டுகளை வரிசைப்படுத்தி 'பினாகா ஹிட் பரேட்' என்ற நிகழ்ச்சியை கிரெக் ரொஸ்கோவ்ஸ்கி நடத்தினார். அது பிடித்துப்போனதால்தான் பற்பசைக் கம்பெனி இந்தியில் ஒன்று வேண்டும் என்றது. அப்படி 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' பிறந்தது. பம்பாயில் பதிவு செய்த நாடா கொழும்புக்கு விமானத்தில் போகும். அங்கிருந்து ஒலி இந்தியாவுக்குத் திரும்பி வரும். ஆரம்பத்தில் பாட்டுகளைச் சரியான வரிசையில் எழுதி அனுப்பும் நேயருக்கு 100 ரூபாய்ப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம். கொஞ்ச காலத்தில் அது வாரம் 60,000-ஐத் தாண்டியது. எண்ண ஆள் போதாமல் கடிதத்தை விட்டுவிட்டு இசைத்தட்டுக் கடைகளைக் கேட்டார்கள். கடையில் தட்டு தீர்ந்துபோனால் பாட்டும் பட்டியலிலிருந்து விழுகிறதே என்று பிறகு ஊர் ஊராக நேயர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2024-இல் சயானி மறைந்தபோது எல்லோரும் அவர் குரலைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அவர் எண்ணும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்ததுதான் பெரிதாகப் பட்டது. சேமிப்பு வங்கி லெட்ஜர் பார்த்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

புதுச்சேரியில் கேட்டது

நான் பிறந்தது புதுச்சேரியில், 1951-இல். படித்தது பிரெஞ்சு மொழியில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்ந்தது, அதுவும் பாதி ரேடியோ வழியாக. எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள் பிள்ளைகள் பிரான்சிலிருந்து லீவுக்கு வரும்போது தட்டு கொண்டுவருவார்கள். கூடவே 'சலு லே கோப்பேன்' என்ற பத்திரிகை வரும். 1962-இல் பாரிஸில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் பிரெஞ்சு இளைஞர்கள் கொண்டாடிய பாடகர்களின் பெரிய பெரிய படங்கள் இருக்கும்.

அதனால் சில பிரிட்டிஷ் பாட்டுகளை நான் முதலில் பிரெஞ்சிலேயே கேட்டேன். 1964-இல் ஜானி அலிடே பாடிய 'லெ பெனிட்டான்சியே' என்ற பாட்டை, அது பிரெஞ்சுப் பாட்டு என்றே நினைத்து நாங்கள் பாடித் திரிந்தோம். ஒருநாள் இரவு கொழும்பு ரேடியோவில் அதே மெட்டு ஆங்கிலத்தில் வந்தது. பாடியது இங்கிலாந்தின் வடகோடி நியூகாசில் நகரத்து 'அனிமல்ஸ்' குழு. பாட்டு 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்'. அதே ஆண்டு ஜூலையில் அது பிரிட்டனில் முதலிடம் பெற்றிருந்தது. அசல் எது என்று தெருவில் இரண்டு கட்சி உண்டாயிற்று. உண்மையில் அது இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாட்டு.

கொழும்பு அறிவிப்பாளர்கள் வெர்னன் கொரெயா, டிம் ஹார்ஷிங்டன், ஜிம்மி பரூச்சா பேச்சை வைத்துத்தான் என் காது ஆங்கிலத்துக்குப் பழகியது. பாட்டுக் கேட்டு எழுதும் நேயர்களின் பெயர்களையும் ஊர்களையும் வரிசையாக வாசிப்பார்கள். ஜலந்தர், நாக்பூர், திருச்சி, யாழ்ப்பாணம் என்று போகும். பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்கள் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் நம் பெயர் வருமா என்று காத்திருந்த ஜனங்கள் எத்தனை பேர்!

சைக்கிளாக வந்த பிரிட்டன்

1972-இல் தபால் இலாகாவில் எழுத்தர் வேலை கிடைத்து மெட்ராஸுக்கு வந்தேன். பிறகு எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று அந்த ரயில் பாதையிலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம் என்கிற பகுதியும் அதன் விளிம்பும் எனக்கு ஒரு விதத்தில் வேடிக்கையாக இருந்தன. புதுச்சேரியில் தெருப் பெயர்கள் பிரெஞ்சு. இங்கே தொழிற்சாலைப் பெயர்கள் இங்கிலீஷ். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளும் டன்லப் டயரும், திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள், எண்ணூரில் லேலண்ட் லாரி. பிரிட்டன் இந்தப் பக்கத்துக்குப் பாட்டாக வருவதற்கு முன்னால் சைக்கிளாகவும் லாரியாகவும் வந்துவிட்டது.

பாட்டைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். பெரம்பூரிலிருந்து வந்து எங்கள் ஆபீசில் தபால் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அப்பா இன்ஜின் டிரைவர். எனக்கு அவர் வைத்த பெயர் 'பாண்டி'. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் இருவரும் தனித்தனியாகப் பத்துப் பாட்டு எழுதுவோம். பிறகு காகிதத்தை மாற்றிக்கொள்வோம். சண்டை தொடங்கும்.

அவர் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் எங்கெல்பர்ட். இரண்டாவது கிளிஃப் ரிச்சர்ட்.

"எங்கெல்பர்ட் ராக்கா சார்?" என்பேன்.

"என்ன மென் பாண்டி, அவன் நம்ம மெட்ராஸ் பையன் மென்! கிளிஃப் லக்னோ பையன். வேற யாரைப் போடச் சொல்றே?" என்பார்.

கிளிஃப் ரிச்சர்ட் 1940-இல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரில் பிறந்தவர். 1948-இல் குடும்பத்தோடு கப்பலேறியவர். அவர்கள் போன அதே வழியில்தான் பெரம்பூரிலிருந்து வீடு வீடாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பட்டியலில் பாட்டின் தரம் இரண்டாம் பட்சம். வெளியே போன பிள்ளைகள் ஜெயித்திருக்கிறார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. இது எனக்கு அப்போது வெறும் பிடிவாதமாகத் தெரியவில்லை. நானும் ஜானி அலிடேயை இழுத்து இழுத்து வந்து அவர் முன் நிறுத்தியவன்தானே. எழுபதுகளின் கடைசியில் அவரும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். போகும்போது பெட்டி நிறையத் தட்டுகளை மூர் மார்க்கெட்டில் போட்டுவிட்டுத்தான் போனார். கப்பலில் எடைக்குப் பணம்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் பழைய தட்டும் மலை போல் கிடக்கும். 1985-இல் அது எரிந்து போனது. அந்த இடத்தில் எழுந்த மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையத்திலிருந்துதான் இன்று கும்மிடிப்பூண்டி மின்ரயில் புறப்படுகிறது. யாருடைய கிளிஃப் ரிச்சர்ட் தட்டுகள் எரிந்த தரையிலிருந்து கிளம்புகிறோம் என்று யோசிப்பவர்கள் அந்த வண்டியில் இப்போது அதிகம் இருக்கமாட்டார்கள்.

அறுபது நிமிஷக் கணக்கு

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது. வெளியூர்ப் பையன்கள் டிப்ளமா முடித்துவிட்டு ஷிப்ட் வேலைக்கு வந்தார்கள். அவர்களிடம் கேசட் இருந்தது. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். இது நினைவிருக்கும் உங்களுக்கு. நம்மில் பாதிப் பேர் இளையராஜா பாட்டுக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்.

அப்போதுதான் வரிசைப்படுத்துவதற்கு ஒரு விலை வந்தது. 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். 'ஸ்டேர்வே டு ஹெவன்' எட்டு நிமிஷம். 1968-இல் வந்த பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' ஏழு நிமிஷத்துக்கு மேல். 1975-இன் 'பொஹீமியன் ராப்ஸடி' ஆறு நிமிஷம். மூன்று பாட்டில் 21 நிமிஷம் போய்விட்டது. மிச்சம் ஒன்பது நிமிஷம். பீட்டில்ஸின் ஆரம்ப காலப் பாட்டுகள் இரண்டு, இரண்டரை நிமிஷம்தான் என்பதால் மூன்றைச் சேர்க்கலாம். ஸெப்பலினைத் தூக்கினால் இன்னும் மூன்று சேரும். தூக்குவதா? ரயிலில் நின்றுகொண்டே இதைக் கணக்குப் போட்டு வாதாடிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் பத்துப் பாட்டு எழுதுவது சுலபம். கேசட்டுக்கு எழுதும்போதுதான் எது இல்லாமல் இருக்க முடியாது என்று தெரியும்.

'பொஹீமியன் ராப்ஸடி' பாடிய குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி, சான்சிபாரில் பிறந்த பார்சி. ஃபரூக் புல்சாரா என்பது பெயர். பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில். அங்கேதான் பையன்களைச் சேர்த்து முதல் பாட்டுக் குழு வைத்தார். அந்தப் பாட்டு 1975-இல் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். அவர் 1991-இல் இறந்த பிறகு மறுபடி ஐந்து வாரம். 2002-இல் பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கு மிகப் பிடித்த தனிப்பாட்டாகத் தேர்ந்தெடுத்ததும் அதையே. பெரம்பூர் நண்பர் இருந்திருந்தால், "பஞ்ச்கனி பையன் மென்!" என்று மேஜையைத் தட்டியிருப்பார்.

கண்ணாடிக்கு அடியில் இருந்த பட்டியல்

1990-இல் இலங்கையிலிருந்து அகதிகள் வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் தங்கினார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் பாரிஸில் இருந்தார்கள். பிரெஞ்சு விலாசம் எழுத, அங்கிருந்து வரும் பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்ல, முகாமிலிருந்து என் கவுன்ட்டருக்கு ஆட்கள் வருவார்கள். நான் படித்த பிரெஞ்சு, உத்தியோகத்தில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தச் சில வருடங்களில்தான்.

திருகோணமலைக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், மகனுக்கு ஏரோகிராம் வாங்க வந்தார். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் காலண்டர், தபால் கட்டண அட்டை இவற்றோடு என் பத்துப் பாட்டுப் பட்டியலும் இருந்தது. விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"ஐயா, ஹவுஸ் ஒஃப் த ரைசிங் சன்னை ஏழாம் இடத்திலயோ வைச்சிருக்கிறியள்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்தார். அறுபதுகளில் கொழும்பு ஆங்கில ஒலிபரப்புக்கு வாராவாரம் எழுதியவராம். ஒரு தரம் பெயரும் வாசித்தார்களாம். அது எந்தக் கிழமை, என்ன பாட்டு என்றெல்லாம் சொன்னார். அதே இரவுகளில் புதுச்சேரியில் நானும் அந்த அலைவரிசையில்தான் இருந்தேன்.

உங்கள் பத்தை எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தேன். பேனாவை எடுத்தவர், எழுதாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "பாட்டுகள் ஞாபகம் இருக்கு ஐயா. எது முதல் எண்டு சொல்ல ஒருக்கால் கேட்டுப் பார்க்க வேணும். எண்பத்து மூண்டுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை."

1983 ஜூலைக்குப் பிறகு அவர் வீட்டில் ரேடியோ எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் மனதில் இருந்த பாட்டுகளை எழுதி வாங்கி, சிப்காட் பையன் ஒருவனிடம் கொடுத்து ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்தோம். முகாமில் யாரிடமோ இருந்த டேப் ரிக்கார்டரில் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, அடுத்த ஏரோகிராம் வாங்க வந்தபோது, மடித்த காகிதம் ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்தார். ஒன்று முதல் பத்து வரை. ஐந்தாவதை அடித்து எட்டாவதாக்கி, எட்டாவதை ஐந்தாவதாக்கி, மறுபடி பழையபடி திருத்தியிருந்தது. பரீட்சைத்தாளைத் திருத்தும் வாத்தியார் போல அவ்வளவு கவனம்.

ஏழு வருடம் எத்தனையோ விஷயங்களில் அவரிடம் யாரும் எதையும் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறார்கள். எந்தக் கரையில் இறங்குவது, எந்த வரிசையில் நிற்பது, எந்த முகாமில் படுப்பது எல்லாம் பிறர் சொன்னது. அனிமல்ஸ் முதலா பீட்டில்ஸ் முதலா என்பதை மட்டும் அவர் தீர்மானிக்க முடிந்தது. அதில் அவர் அவசரப்படவில்லை. அந்தக் காகிதத்தையும் என் காகிதத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். நான் மாற்றலாகும் வரை அங்கேயே இருந்தது.

எண்ணிக்கையில் வராதவர்

தலைப்பில் மெட்ராஸில் பிறந்த இருவர் என்றேன். இரண்டாமவர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24 அன்று மெட்ராஸில் பிறந்தார். அம்மா மோனா, டெல்லியில் பிறந்தவர். 1945-இல் குடும்பம் லிவர்பூலுக்குப் போயிற்று. 1959-இல் மோனா தம் வீட்டின் நிலவறையில் இளைஞர்களுக்காகக் 'காஸ்பா' என்ற காபி கிளப் திறந்தார். பிற்காலத்தில் பீட்டில்ஸ் ஆன பையன்கள் வாசித்துப் பழகிய இடங்களில் அது முக்கியமானது. 1960-இல் பீட் அவர்களுடைய டிரம் வாசிப்பவராகச் சேர்ந்து ஜெர்மனிக்கும் கூடப் போனார். 1962 ஆகஸ்டில், முதல் தட்டு வெளிவரும் நேரத்தில், அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பீட்டில்ஸ் பட்டியலில் ஏறத் தொடங்கியது.

பிறகு பீட் பெஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? சொந்தமாகக் குழு நடத்திப் பார்த்தார், சரிவரவில்லை. லிவர்பூலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசாங்க ஊழியரானார். சுமார் 20 வருடம். வேலை தேடி வருகிற ஜனங்களுக்கு வேலை பார்த்துக் கொடுத்தார். நம்மைப் போல ஃபாரம், கையெழுத்து, வரிசை! வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டில் பீட்டில்ஸ் தட்டு ஓடியிருக்கும்.

1995-இல் பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து 'ஆந்தாலஜி 1' வெளியானது. அதில் அவர் டிரம் வாசித்த சில பாட்டுகளும் சேர்ந்தன. கடைசியாக அவருக்குப் பங்குத்தொகை வந்தது, பெரிய தொகையாகவே. நீக்கிய ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால் 33 வருட அரியர்ஸ். பென்ஷன் கணக்கு பார்த்த யாருக்கும் அந்தச் சந்தோஷம் புரியும்.

2014-லிருந்து பிரிட்டன் பட்டியலில் இணையத்தில் கேட்பதையும் எண்ணுகிறார்கள். ஆரம்பத்தில் நூறு தடவை கேட்டால் ஒரு விற்பனை என்று வைத்தார்கள். இனி எண்ணிக்கையில் எதுவும் தப்பாது என்கிறார்கள். இருக்கலாம். பெரம்பூர்க்காரர் எங்கெல்பர்ட்டை முதலில் போட்ட காரணமும், திருகோணமலைக்காரர் ஐந்தையும் எட்டையும் மாற்றி மாற்றி எழுதிய காரணமும் எந்தக் கடைக் கணக்கிலும் ஏறியதில்லை, இனியும் ஏறாது. அதைக் கையால் எழுதி இன்னொருவர் முன் வைத்தால்தான் தெரியும்.

என் பட்டியலில் அந்த ஏழாவது பாட்டு இப்போது நான்காம் இடத்தில் இருக்கிறது. மூன்றுக்கு மேல் ஏற்ற மனம் வரவில்லை. திருகோணமலைக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.